பானெட்டுக்குள் கரிசல் மண்: வீட்டிலேயே கழுவலாமா?

28 அக்டோபர் 2024, மாலை 6.40
கேள்வி, கள்ளிக்குடியிலிருந்து

அண்ணே, போன வாரம் பெய்த மழையில் கண்மாய்க்கரை வழியாக வந்து மாட்டிக்கொண்டேன். பழைய டீசல் ஜீப். டிராக்டரைக் கட்டி இழுத்துத்தான் மேலே ஏற்றினோம். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரே களி. டைனமோ, பெல்ட், பேட்டரித் தட்டு எங்கு பார்த்தாலும் கரிசல் அப்பிக் கிடக்கிறது. வாட்டர் சர்வீஸில் விட்டு பிரஷர் கன்னால் தண்ணீர் அடிக்கச் சொல்கிறார் அப்பா. மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தால் பளபளவென்று ஆகிவிடும் என்கிறான் மச்சான். வியாழக்கிழமை தீபாவளி. அதற்குள் வீட்டிலேயே கழுவி முடிக்க வழி உண்டா?

28 அக்டோபர், இரவு 9.15

இரண்டுமே வேண்டாம் தம்பி. தீபாவளிக்குள் முடிக்கவேண்டும் என்ற எண்ணமும் வேண்டாம். பொட்டு வைக்க பானெட்டின் வெளிப்பக்கம் போதும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது? 25ஆம் தேதி மழையில் மதுரை செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் போனது. கண்மாய்க்கரையில் கேட்கவே வேண்டாம். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் காகித ஃபில்டர் நனைந்திருந்தாலோ டப்பாவின் அடியில் சேறு நின்றாலோ சாவியைத் தொடாதீர்கள். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் அது கழுவும் வேலை இல்லை, என்ஜினை இறக்கும் வேலை.

ஆயில் குச்சியையும் உருவிப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்போதும் சாவி போடக்கூடாது, மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

இரண்டும் சுத்தமாக இருந்தால் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். மண் காயட்டும்.

29 அக்டோபர், காலை 5.50

ஃபில்டர் காய்ந்துதான் இருக்கிறது, ஆயிலும் சரியாக இருக்கிறது என்று தம்பி பதில் போட்டிருக்கிறார். நல்லது. தோட்டத்தில் ஆள்கள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் மெக்கானிக் கிடையாது. செக்கானூரணிப் பக்கம் மல்லிகைத் தோட்டம். பதினான்கு வருடமாக ஒரே ஜீப்பில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றுகிறேன். இதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வண்டியைக் கெடுத்தும் சரிபண்ணியும் தெரிந்துகொண்டதுதான்.

கரிசல் மண்ணின் குணம் நமக்குத் தெரியும். ஈரத்தில் உப்பும், ஒட்டும், செருப்பைப் பிடுங்கும். காய்ந்தால் சுருங்கி, கோடை வயலைப் போலப் பாளம் பாளமாக வெடிக்கும். வண்டியிலும் அதே கதைதான். இரண்டு நாள் காய்ந்தால் ஓரங்கள் தானாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சமயத்தில் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியும் ஒன்றரை அங்குலப் பெயிண்ட் பிரஷும் போதும். குச்சியை ஓரத்தில் கொடுத்து லேசாக நெம்பினால் பாளம் முழுசாகக் கழன்று வரும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். வயரின் மேல்தோல் கிழிந்தது அப்போது தெரியாது, அடுத்த மழையில்தான் தெரியும். என் வண்டியில் ஒருமுறை இப்படியே இரண்டு இரும்புச்சட்டி மண் எடுத்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல்.

வேலையில் முக்கால்வாசி இதுதான். தண்ணீர் கடைசியில் வருவது.

குனிந்து பிரஷ் போடும்போது வாயிலும் மூக்கிலும் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி இருந்தால் போடுங்கள்.

29 அக்டோபர், மதியம் 1.30

காலையில் விட்டுப்போனது. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பானெட்டுக்குள் கை விடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர். ஏன் நெகட்டிவ் முதலில் என்றால், பாசிட்டிவைத் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் பொறி பறக்கும். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் அது எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

இன்னொரு காரணமும் உண்டு. பல கார்களில் ரேடியேட்டர் விசிறி கரண்டில் ஓடுவது. என்ஜின் சூடாக இருந்தால், வண்டி ஆஃப் ஆன பிறகும் சில வண்டிகளில் அது தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். விரல் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

30 அக்டோபர், இரவு 8.00

மண்ணெண்ணெய் பற்றி மச்சான் விடவில்லை போலிருக்கிறது. பட்டறைகளில் டீசலாலும் மண்ணெண்ணெயாலும் கழுவுவதை நானும் பார்த்துத்தான் வளர்ந்தேன். என்ஜினைப் பிரித்துக் கீழே வைத்து இரும்புப் பாகத்தைத் தட்டில் போட்டுக் கழுவுவது ஒன்று. வண்டியில் வயரும் ரப்பர் ஹோஸும் புஷ்ஷும் இருக்கும்போது மேலே ஊற்றுவது வேறு. ரப்பர் அதைக் குடித்து உப்பும், சில மாதத்தில் பிசுபிசுவென்று ஆகிவிடும்.

தீ இன்னும் பெரிய விஷயம். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 டிகிரியிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விட ஆரம்பிக்கும். நம் ஊர் சித்திரை மதியமே 40ஐத் தொடுகிறது, பானெட்டுக்குள் கேட்கவேண்டுமா. பெட்ரோல் மைனஸ் 40க்குக் கீழேயே அந்த ஆவியை விடும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்கலாம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். நாளைக்குத் தெருவெல்லாம் வெடி வெடிக்கும் நாள்.

களிமண்ணுக்கு எண்ணெய் தேவையே இல்லை, அது தண்ணீருக்குக் கரையும். ஆயில் கசிந்து அதன்மேல் மண் ஒட்டிய கருப்புப் பிசுக்குக்கு மட்டும், தண்ணீரில் கலக்கும் டிகிரீசர் ஸ்பேர் கடையில் கிடைக்கும். டப்பாவில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து, ஆறிய என்ஜினில், நிழலில் தெளித்து, மூன்று நான்கு நிமிடம் விட்டு, பிரஷ் போட்டுக் கழுவிவிட வேண்டும். அங்கேயே காயவிடக்கூடாது, கறை பிடிக்கும். பெல்ட்டில் படவே கூடாது. பாத்ரூம் ஆசிட், அடைப்பு நீக்கும் காஸ்டிக் இவற்றை அலுமினியம் இருக்கும் இடத்துக்குக் கொண்டே போகாதீர்கள். இரண்டும் அலுமினியத்தைத் தின்னும்.

2 நவம்பர், இரவு 10.20

தீபாவளி முடிந்தது. வாட்டர் சர்வீஸ் ஏன் வேண்டாம் என்றேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். "எல்லாரும் அங்கேதானே விடுகிறார்கள்?" சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 மார்கழி. மார்கழியில் பனி விழுந்தால் மல்லிகை வரத்துக் குறையும், அப்போதுதான் விலை ஏறும். நான்கு மூட்டை மொட்டு கிடைத்தாலே பெரிய விஷயம். அதற்குப் பத்து நாள் முன்னால் வண்டி சேறாக இருக்கிறதென்று ஒரு சர்வீஸில் விட்டேன். பையன் பானெட்டைத் திறந்து கன்னை நீட்டினான். நான்தான் பக்கத்தில் நின்றுகொண்டு, "டைனமோ பக்கம் நல்லா அடிப்பா" என்றேன். சேறு கரைந்து ஓடுவதைப் பார்க்க அவ்வளவு திருப்தி. வண்டி புதுசுபோல வந்தது.

பத்தாம் நாள் காலை ஐந்து மணிக்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கும்மிருட்டு, பனி. சார்ஜ் விளக்கு மங்கலாக எரிந்ததைப் பார்த்தேன், பார்த்தும் போய்க்கொண்டே இருந்தேன். நாகமலை புதுக்கோட்டை வருவதற்குள் ஹெட்லைட் மஞ்சளாகி, அப்புறம் சிவந்து, கடைசியில் பீடிக் கங்கு அளவுக்குப் போய்விட்டது. டீசல் என்ஜின் ஓடுகிறது, ஆனால் ரோடு தெரியவில்லை. ஓரம் கட்டிவிட்டேன். தேனியிலிருந்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, நடத்துநரைக் கெஞ்சி, மூட்டையை ஏற்றி, மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. சாக்கைப் பிரித்தால் நடுவில் இருந்த பூவெல்லாம் சூட்டில் வாய் திறந்துவிட்டது. மொட்டுக்குத்தான் விலை. பாதிக்கும் கீழேதான் கிடைத்தது. பறித்த பெண்களுக்கு முழுக்கூலி கொடுத்தேன், அவர்கள் என்ன செய்வார்கள்.

பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவைப் பிரித்துக்காட்டினார் எலக்ட்ரீசியன் அண்ணன். செம்புச் சுருளின் மேல் குளவிக்கூடு கட்டியதுபோல் களி பூசி இறுகியிருந்தது. கார்பன் பிரஷ் தேய்ந்து நகம் அளவுக்கு ஆகியிருந்தது. வெளியே இருந்த சேற்றைக் கன் உள்ளே தள்ளியிருக்கிறது. சேறு வெளியே அப்பியிருந்த வரைக்கும் அந்த டைனமோவுக்கு ஒரு கேடும் இல்லை.

கணக்காகப் பாருங்கள். காரின் டயரில் இருப்பது 30 பவுண்டு சொச்சம். வீட்டுக்கு விற்கும் சின்ன பிரஷர் வாஷரே 100 பார், அதாவது 1,450 பவுண்டு. மாடித் தொட்டியிலிருந்து ஐந்து மீட்டர் கீழே இருக்கும் குழாயில் வருவது அரை பார், ஏழு பவுண்டு. பானெட்டுக்குள் அந்த ஏழு பவுண்டு போதும்.

3 நவம்பர், காலை 6.10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி சொன்னது: மூட்டை நான்கு இல்லை, ஐந்து. ஐந்தாவதை பஸ்ஸில் ஏற்ற இடமில்லாமல் வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தேன். அந்தப் பூவை அவளும் பக்கத்து வீட்டுப் பெண்களும் தொடுத்து நாகமலை புதுக்கோட்டையிலேயே முழம் போட்டு விற்றார்கள். சரி, எழுத விட்டுப்போனது, எழுதிவிட்டேன்.

3 நவம்பர், இரவு 9.00

மேலூர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் பக்கம் மண் பாளமாக வராது, பவுடராகத்தான் கொட்டுகிறது. நீங்கள் சொன்னபடி காயவைத்துப் பிரஷ் போட்டால் தூசி எல்லா இடத்துக்கும் போகிறது."

அவர் சொல்வது சரி. நான் எழுதியது கரிசலுக்கு. செவல், அதாவது செம்மண்ணில் மணல் அதிகம், பிடிப்புக் குறைவு. காய்ந்தால் பொடியாகி பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் போய் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். செவலாக இருந்தால் முழுக்கக் காயவிடாமல், பிசைந்த மாவு பதத்தில் இருக்கும்போதே நனைத்துப் பிழிந்த துணியால் வழித்து எடுங்கள். துணியை வாளியில் அலசி அலசி எடுக்கவேண்டும். நாலைந்து வாளி ஆகும். பெல்ட்டைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கீச்சென்று சத்தம் வருகிறதென்று எண்ணெயோ ஸ்பிரேயோ போட்டுவிடாதீர்கள், வழுக்கும்.

ப்ளோயர் வைத்து ஊதலாமா என்று அவரே கேட்டிருக்கிறார். நான் கம்ப்ரசர் வைத்து ஊதுவேன்.

4 நவம்பர், காலை 5.30

கம்ப்ரசர் பற்றி இரவு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். படுத்த பிறகும் மனசு கேட்கவில்லை. கம்ப்ரசர் காற்றும் டைனமோவுக்குள் மணலைத் தள்ளும், ரேடியேட்டர் தகட்டை மடக்கும். கன் செய்த அதே வேலையை அது காற்றால் செய்யும். காய்ந்த மண் இருக்கும்போது வேண்டாம். கழுவி முடித்த பிறகு, வயர்களை இணைக்கும் கப்ளரின் இடுக்கில் நிற்கும் தண்ணீரைத் துரத்த, தூரத்தில் வைத்து லேசாக ஊதலாம், அவ்வளவுதான். காய்ந்த மண்ணுக்கு வீட்டு வேக்கம் கிளீனர் நல்லது. அது இழுக்கும், தள்ளாது.

9 நவம்பர், இரவு 9.40

கள்ளிக்குடித் தம்பி படம் போட்டிருக்கிறார். டைனமோ பக்கம் அழகாகக் கழன்றுவிட்டது. ஆனால் ரேடியேட்டர் செங்கல் மாதிரி இறுகிவிட்டது என்கிறார். அது என்மேல்தான் தப்பு. "மண் காயட்டும்" என்று மொத்தத்துக்கும் சொல்லிவிட்டேன். ரேடியேட்டரை மட்டும் காயவிடக்கூடாது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். மெல்லிய அலுமினியத் தகடுகளின் இடுக்கில் போன கரிசல் காய்ந்தால் சுருங்கினாலும் கீழே விழ இடம் இல்லை. அங்கேயே கெட்டியாக நிற்கும். காற்று போகாது, என்ஜின் சுடும். அது அடைத்திருக்கும்போது காயவைக்கிறேன் என்று என்ஜினை ஓடவிடவும் கூடாது.

இப்போது செய்யவேண்டியது இது. குச்சி, பிரஷ், சீப்பு எதையும் உள்ளே விடாதீர்கள். தகடு விரல் நகம் பட்டாலே மடங்கும். மல்லிகைக்குப் போடுகிற சாக்கு ஒன்றை நன்றாக நனைத்து ரேடியேட்டரின் முன்பக்கம் தொங்கவிடுங்கள். கிரில்லைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு. இரவு முழுக்க நாலைந்து முறை சாக்கில் தண்ணீர் தெளியுங்கள். களி திரும்ப ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும்.

காலையில் குழாயை என்ஜின் பக்கமிருந்து பிடியுங்கள். ஓடும்போது காற்று முன்னாலிருந்து பின்னால் போகிறது, மண்ணும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. வந்த வழியே திருப்பி அனுப்பவேண்டும். தண்ணீர் தகடுக்கு நேராகப் போகட்டும், சாய்வாக அடித்தால் தகடு சாயும். முதலில் கருப்பாக வரும், அப்புறம் டீ மாதிரி, அப்புறம் மோர் மாதிரி. தெளிந்து வரும்வரை விடுங்கள். எனக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் ஆனது.

இருட்டிய பிறகு செல்போன் டார்ச்சை ஒருபக்கம் பிடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். வெளிச்சம் சல்லடை மாதிரி பொடிப்பொடியாகத் தெரிந்தால் திறந்திருக்கிறது. கருப்பாகத் தெரிகிற இடத்துக்கு மறுபடி சாக்கு.

11 நவம்பர், மதியம் 2.00

தண்ணீர் விடுவதற்கு முன் எதையெல்லாம் மூடவேண்டும் என்று அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். டைனமோ, ஃபியூஸ் பாக்ஸ், கம்ப்யூட்டர் டப்பா, ஏர் ஃபில்டர் வாய், பேட்டரி. பெட்ரோல் வண்டி என்றால் இக்னிஷன் காயிலும். பால் கவர், மளிகைப் பை எதுவானாலும் சரி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். டேப் ஒட்டாதீர்கள், ஈரத்தில் நிற்காது. எத்தனை பை கட்டினோம் என்று எண்ணி வையுங்கள். ஏர் ஃபில்டர் வாயில் கட்டியதை மறந்தால் என்ஜின் மூச்சுத் திணறும்.

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கை வைத்தால் வெதுவெதுப்பு வரை பரவாயில்லை. சுடச்சுட இருக்கும் சைலன்சர் மனிஃபோல்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விழ வாய்ப்பு உண்டு. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

17 நவம்பர், இரவு 8.30

பேச்சு எலிக்குப் போய்விட்டது. போகட்டும், அதுவும் பானெட்டுக்குள் இருப்பதுதானே.

நம் பக்கம் கதிர் முற்றும் காலத்தில் வயலில் இருப்பது வீட்டுக்கு வரும், வீட்டில் இருப்பது வண்டிக்கு வரும். என்ஜினின் சூடு அதற்கு மெத்தை. எனக்கு ஒருமுறை பேட்டரிக்குப் பின்னால் வைக்கோலும் தேங்காய் நாரும் வைத்து ஒரு கூடே கட்டியிருந்தது, உள்ளே கண் திறக்காத குட்டி நான்கு. குட்டியைத் துணியில் எடுத்து வேலியோரம் விட்டாள் என் மகள். தாய் வந்து தூக்கிப்போகிறதா என்று அன்று சாயந்திரம் வரை சன்னலில் நின்றாள்.

எலிப் புழுக்கையும் கூடும் இருந்தால், நான் மேலே சொன்ன காய்ந்த பிரஷ் வேலையை அந்த இடத்தில் செய்யாதீர்கள். எலியின் சிறுநீரிலிருந்துதான் எலிக்காய்ச்சல் வருகிறது. கையில் சின்னக் கீறல் போதும். ரப்பர் கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரை மெதுவாக நனையும்படி ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, துணியால் அள்ளி எடுத்துப் புதைத்துவிடுங்கள். பிளீச்சிங் தண்ணீர் பட்ட இரும்பையும் அலுமினியத்தையும் நல்ல தண்ணீர் விட்டுத் துடைக்கவேண்டும், இல்லையென்றால் அரிக்கும். கடித்த வயர் ஏதும் உண்டா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள்.

வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துவதை விட்டேன். அதற்குப் பிறகு கூடு கட்டவில்லை.

1 டிசம்பர், காலை 11.00

கழுவிய பிறகு எல்லா ஹோஸிலும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது, டிகிரீசர் சரியில்லையா என்கிறார் திருமங்கலத்திலிருந்து ஒருவர். போர் தண்ணீரா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியென்றால் அது தண்ணீரின் உப்பு. தோசைக்கல் கழுவிக் காய்ந்தால் எப்படி இருக்குமோ அதேதான். பார்க்க அசிங்கம் என்பதோடு நிற்காது, கப்ளர் பின்னில் உப்பு படிந்தால் பச்சை பிடித்து, தொடர்பு விட்டுவிட்டு வரும். முழுக்கழுவலையும் போர் தண்ணீரில் செய்யுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு வாளி குடிதண்ணீரோ மழைத்தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போதெல்லாம் ஓட்டுத் தாழ்வாரத்தின் கீழே டிரம் வைத்து மழைத்தண்ணீர் பிடிக்கிறேன்.

பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி வேறு. அதற்குச் சமையல் சோடா ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீர், பழைய டூத் பிரஷ். நுரைத்து அடங்கும். பேட்டரி மூடித் துளைக்குள் மட்டும் போகக்கூடாது. காய்ந்ததும் வாசலின் தடவுங்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று யாருமே கேட்கவில்லை. முதல்முறை எனக்கும் தோன்றவில்லை. டிகிரீசரும் ஆயிலும் கலந்த தண்ணீர் வாய்க்கால் வழியாக மல்லிகைப் பாத்தியில் போய் நின்று, ஓரத்துச் செடி இரண்டு மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. அந்த இரண்டையும் பிடுங்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, ஏழு வயதுச் செடி. இப்போது ஆயில் பிசுக்கை மட்டும் முதலில் மரத்தூள் தூவித் துடைத்து எடுத்துவிடுகிறேன். கிணறு, கண்மாய், மாடு குடிக்கும் தொட்டி இவற்றின் பக்கம் கழுவவே வேண்டாம்.

15 டிசம்பர், இரவு 9.10

கார்த்திகை தீபத்தன்று பெய்த மழைக்குப் பிறகு பக்கத்து வீட்டு டீச்சர் தன் பெட்ரோல் காரைத் தானே கழுவியிருக்கிறார். இந்த இழையைப் படித்துத்தான் செய்திருக்கிறார். பையெல்லாம் கட்டியிருக்கிறார், பேட்டரியைக் கழற்றியிருக்கிறார். ஆனாலும் ஸ்டார்ட் செய்ததும் வண்டி உதறுகிறது. என்ஜின் விளக்கு மினுக்கு மினுக்கென்கிறது. "அண்ணே, நீங்க எழுதினபடிதானே செஞ்சேன்" என்று வாசலில் வந்து நின்றார்.

உடனே ஆஃப் செய்யச் சொன்னேன். எரியாத பெட்ரோல் சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுவிடும். இரண்டாவது காயிலை உருவினோம். ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழி சின்னக் கிணறு மாதிரி, அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர். பை கிழிந்திருக்கிறது. இந்த நிலையில் பிளக்கைக் கழற்றிவிடக்கூடாது, கழற்றினால் குழித்தண்ணீர் அப்படியே சிலிண்டருக்குள் இறங்கும். ஊசியில்லாத சிரிஞ்சில் சின்ன டியூப் மாட்டி உறிஞ்சினோம், குச்சியில் துணி சுற்றி ஒற்றி எடுத்தோம், காயிலின் ரப்பரைத் துடைத்து ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தோம். மாட்டியதும் பூனை மாதிரி நின்றது.

நான் எழுதியதெல்லாம் டீசல்காரன் எழுதியது, அதில் பிளக் குழி கிடையாது. பெட்ரோல் வண்டிக்காரர்கள் என்ஜின் தலைப்பக்கம் குழாயே பிடிக்காதீர்கள். பிழிந்த துணி போதும்.

கரண்ட் வண்டி, ஹைப்ரிட் வண்டி வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற வயர் இருக்கும் பக்கம் கையே வைக்கவேண்டாம், கம்பெனி ஆளிடம் விடுங்கள்.

16 டிசம்பர், காலை 6.00

எத்தனை நேரம் காயவிட வேண்டும் என்று டீச்சர் கேட்டார். கழுவி முடித்துப் பையெல்லாம் எடுத்துவிட்டு, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, பானெட்டைத் திறந்தபடி வெயிலில் மூன்று மணி நேரம். அப்புறம் பேட்டரி. ஸ்டார்ட் செய்து பத்துப் பதினைந்து நிமிடம், பானெட் திறந்தே இருக்கட்டும். பேட்டரி கழற்றியதால் கடிகாரம் நின்றிருக்கும், சில வண்டியில் கண்ணாடி தானாக ஏறாது, ஐடிலிங் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதற்குப் பயப்படவேண்டாம்.

12 ஜனவரி 2025, இரவு 7.45

நாளை போகி. கள்ளிக்குடித் தம்பியின் ஜீப்பை இன்று நேரில் பார்த்தேன். மதுரைக்கு வந்தவர் வழியில் தோட்டத்துக்கு வந்தார், அவர் அப்பாவும் கூட. பானெட்டைத் திறந்ததும் முதலில் ரேடியேட்டருக்குத்தான் டார்ச் அடித்தேன். ஒரு மூலையில் உள்ளங்கை அளவு இன்னும் கருப்பு. மற்றதெல்லாம் சல்லடை.

பளபளப்பு ஒன்றும் இல்லை. ஹோஸெல்லாம் பழைய சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. ஆனால் மண் போன இடத்தில் ஒன்று தெரிந்தது. கீழ் ரேடியேட்டர் ஹோஸ் போய்ச் சேரும் இடத்தில், கிளிப்புக்குக் கீழே பச்சையாக ஒரு கோடு. கூலன்ட் சொட்டுச் சொட்டாகக் கசிந்து காய்ந்திருக்கிறது. எத்தனை மாதமாகவோ, களி மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மாதம் ஒருமுறை கொஞ்சம் ஊற்றவேண்டியிருக்கிறது, வெயிலுக்கு என்று நினைத்தோம் என்றார் அப்பா.

என்ஜின் ஆறும்வரை உட்கார்ந்து டீ குடித்தோம். கிளிப்பை இரண்டு திருகு திருகி, துணியால் துடைத்து, ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிட்டோம். அப்பா கீழே ஒரு பழைய நாளிதழை விரித்துவைத்து, குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாளில் ஒரு சொட்டும் விழவில்லை.

அந்த மூலைக்கு இன்று இரவு சாக்கு நனைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.